பாசி போர்த்திய கொயினா மரங்கள்

படிப்பது பி.காம். என்றாலும் இன்று ஒரு மரப்பட்டையின் கதை.

எங்கள் ராணிப்பேட்டைப் பெரியவர்களிடம் பட்டை என்று சொன்னால், தோல் பதனிட்ட ஆவாரம்பட்டைதான் நினைவுக்கு வரும். 1860-களின் நீலகிரியில் பட்டை என்றால் சின்கோனா. அதிலிருந்து எடுத்த கொயினாதான் அன்று மலேரியாவுக்கு நம்பகமான மருந்து.

கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவிலிருந்து செடிகளும் விதைகளும் ஊட்டிக்கு வந்தன. வளர்க்கும் பொறுப்பு ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்கைவருக்கு. தொட்டபெட்டா, நடுவட்டம் இரண்டிலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் வைத்து வேலை வாங்கினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், பட்டைக்காக மரத்தையே வெட்டினால் கதை முடிந்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், வட்டிக்கு ஆசைப்பட்டு முதலைத் தின்பது!

மெக்கைவர் பட்டையை நீளவாக்கில் கீற்றுகளாக உரித்தார். நடுவில் கொஞ்சம் விட்டுவைத்தார். பிறகு தண்டைச் சுற்றிப் பாசியை வைத்துக் கட்டினார். உரித்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தது, மரமும் பிழைத்தது. லண்டனில் ஜான் எலியட் ஹோவர்ட் சோதித்துப் பார்த்தபோது, பாசிக்கடியில் வளர்ந்த பட்டையில் மருந்துச் சரக்கு கூடுதலாக இருந்தது. உரிக்காமல் பாசி மட்டும் கட்டிய பட்டையிலும் கூடியது. அதனால் சந்தையில் சாதாப் பட்டை, பாசிப் பட்டை, புதுப்பட்டை என மூன்று தரம் உண்டானது.

வெளிச்சத்தை மறைத்ததே காரணம் என்று மெக்கைவர் நினைத்தார். எனக்கு ஒரு சந்தேகம். பாசி வெளிச்சத்தை மட்டுமா மறைத்தது? ஈரத்தையும் காத்ததே! எது எவ்வளவு வேலை செய்தது என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக நம் வாசல் நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதில் கிடைக்கும் வின்கிறிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அந்த மருந்துக்குத் தேவையான விண்டோலின் என்ற ஆல்கலாய்டு, இருட்டில் முளைத்த நாற்றில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. வெளிச்சம் பட்டால்தான் மீதி வேலை நடக்கிறது.

ஆக, எல்லாச் செடிக்கும் ஒரே கணக்கு இல்லை. அதை ஊட்டி மலையில் பாசியைக் கட்டிச் சோதித்தவருக்கும், பட்டை உரித்த பேர் தெரியாத கைகளுக்கும் ஒரு வணக்கம்!