தோலைக் கடந்த சோப்பு: ஹெக்சாகுளோரோஃபீன் முதல் டிரைக்குளோசான் வரை

மருந்துப் புட்டிகளிலும் களிம்புக் குழாய்களிலும் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்னும் தொடர் நெடுங்காலமாக அச்சாகி வருகிறது. உடலின் உள்ளையும் வெளியையும் பிரிக்கும் சுவர் தோல் என்ற எண்ணம் அத்தொடருக்குள் அடங்கியுள்ளது. பாக்டீரியா எதிர்ப்புச் சோப்புகளின் வரலாறு, அவ்வெண்ணம் படிப்படியாகத் தகர்ந்த வரலாறாகும்.

1948-இல் அமெரிக்காவின் ஆர்மர் நிறுவனம் ஹெக்சாகுளோரோஃபீன் கலந்த டயல் சோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடல் நாற்றத்தைப் போக்கும் சோப்பு என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. அதே வேதிப்பொருள் மருத்துவமனைகளிலும் இடம்பெற்றது. 1950களில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று, பிறந்த குழந்தைகள் இருந்த வார்டுகளைப் பெரிதும் அச்சுறுத்தியது. ஹெக்சாகுளோரோஃபீன் 3 விழுக்காடு கலந்த கரைசலால் சிசுக்களைக் குளிப்பாட்டியபோது தொற்று குறைந்தது. ஆகவே அம்முறை பல மருத்துவமனைகளில் அன்றாட வழக்கமாயிற்று.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களாலும் அவற்றினிடையே நிறைந்த கொழுப்பாலும் ஆனது. நீரை அது பெருமளவு தடுக்கிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளுக்கோ அக்கொழுப்பே வழியாகிவிடுகிறது. ஹெக்சாகுளோரோஃபீன் அத்தகையது. குறைமாதக் குழந்தைகளின் தோலும், புண்பட்ட தோலும் அதனை மேலும் எளிதில் உள்ளே விடுகின்றன. அவ்வாறு குளிப்பாட்டப்பட்ட சிசுக்களின் இரத்தத்தில் அவ்வேதிப்பொருள் இருப்பது 1971-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. விலங்குச் சோதனைகளோ மூளையின் வெண்பகுதியில் அது நுண்குமிழிகளை உண்டாக்குவதைக் காட்டின. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சிசுக்களை வழக்கமாக அதனால் குளிப்பாட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வழக்கத்தைக் கைவிட்ட சில மருத்துவமனைகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் மீண்டும் தலைதூக்கியது. பயனும் தீங்கும் ஒரே புட்டியில் இருந்தன.

1972-இல் பிரான்சில் நிகழ்ந்த பேரிடர் ஐயத்துக்கு இடமின்றித் தீங்கை மெய்ப்பித்தது. தயாரிப்பின்போது நேர்ந்த பிழையால், மோராஞ்ச் என்னும் குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் 6 விழுக்காட்டுக்கும் மேல் கலந்துவிட்டது. அணையாடைக்குள் சிவந்து புண்ணாகியிருந்த தோலின்மீது தாய்மார் அதனைத் தூவினர். 204 குழந்தைகள் நோயுற்றனர். 36 குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கா, அவ்வேதிப்பொருள் மிகுதியாக உள்ள தயாரிப்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்பதைத் தடுத்தது.

அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் சந்தையில் பரவியது, சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் 1960களில் உருவாக்கிய டிரைக்குளோசான். சோப்பு, பற்பசை, நாற்றநீக்கி, வெட்டுப்பலகை எனப் பலவற்றில் அது சேர்க்கப்பட்டது. இதன் உடலியல் போக்கு ஹெக்சாகுளோரோஃபீனினும் மென்மையானது. 2006-இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் பத்துப் பேர் தலா 4 மில்லிகிராம் டிரைக்குளோசானை விழுங்கினர். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டியது. கல்லீரல் இத்தகைய மூலக்கூற்றைக் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்ஃபேட்டுடனோ பிணைத்து நீரில் கரையச் செய்கிறது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுட்காலம் சுமார் 21 மணி நேரம். நான்கு நாள்களில் சிறுநீர்வழி வெளியேறிய பங்கோ ஆளுக்கு ஆள் 24 முதல் 83 விழுக்காடு வரை வேறுபட்டது.

இவ்வெண்களை மட்டும் நோக்கினால் கவலைக்கு இடமில்லை எனத் தோன்றும். ஆயின் பல் துலக்குதல் அன்றாடச் செயல். நேற்றைய அளவில் பாதி எஞ்சியிருக்கும்போதே இன்றைய அளவு வந்து சேர்கிறது. விரைந்து வெளியேறும் பொருளும், நாள்தோறும் புகுவதால் உடலைவிட்டு நீங்காத பொருளாகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-2004 ஆண்டுகளில் திரட்டிய 2,517 சிறுநீர் மாதிரிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கில் டிரைக்குளோசான் காணப்பட்டது. சுவீடனில் தாய்ப்பாலிலும் அது கண்டறியப்பட்டிருந்தது.

நுகர்வோர் சோப்புகளில் சேரும் கிருமிநாசினிகளுக்கான வரைவு விதியை அமெரிக்க நிர்வாகம் 1978-இலேயே வெளியிட்டது. அது முடிவுறாமல் கிடந்தது. இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்னும் அமைப்பு 2010-இல் வழக்குத் தொடுத்த பின்னரே பணி வேகம் பெற்றது. 2016 செப்டம்பரில் டிரைக்குளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்கள் அத்தகைய சோப்புகளில் தடைசெய்யப்பட்டன. நாள்தோறும் நெடுங்காலம் பயன்படுத்துவதற்குப் பாதுகாப்பானவை என்றோ, சாதாரணச் சோப்பையும் நீரையும்விடச் சிறந்தவை என்றோ தயாரிப்பாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம்.

இவ்வரலாற்றை வாசிக்கும் மாணவர் இரண்டு ஆண்டெண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: ஒரு பொருள் கடைக்கு வந்த ஆண்டு, அது மக்களின் உடலில் உண்டா என்று தேடப்பட்ட ஆண்டு. டயல் சோப்புக்கும் சிசுக்களின் இரத்த ஆய்வுக்கும் இடையே 23 ஆண்டுகள். டிரைக்குளோசானுக்கும் நாடு தழுவிய சிறுநீர் ஆய்வுக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள். முதற்பாடம் கற்ற பிறகும் இடைவெளி குறையவில்லை, கூடிற்று.