தணிக்கை ஒன்று, அவைகள் பல: ஆர்.கே.பேட்டை வரை வரும் பொதுப்பணத்தை யார் கேட்கிறார்கள்?

1960 ஏப்ரல் 1 அன்று, இன்றைய ஆர்.கே.பேட்டை ஒன்றியம் அடங்கிய திருத்தணிப் பகுதி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், பட்டாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவை பலமுறை எழுதப்பட்டவை. அந்த மாற்றத்தின் கணக்குப் பக்கம் அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. ஆந்திரம் பிரிந்த 1953 அக்டோபர் 1 நிதியாண்டின் நட்டநடுவில் விழுந்தது. திருத்தணி திரும்பிய நாளோ நிதியாண்டின் முதல் நாள். கணக்கு எழுதுபவர்களுக்கு அதைவிட வசதியான தேதி கிடைக்காது. இந்தப் பகுதியின் செலவைக் கேள்வி கேட்கும் உரிமை அன்று ஐதராபாத் சட்டமன்றத்திடமிருந்து சென்னைக்கு மாறியது. தணிக்கை செய்யும் உச்ச அதிகாரம் மட்டும் மாறவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்தான். தணிக்கை ஒன்றாக இருக்க, அதைக் கேட்கும் அவைகள் பலவாக இருக்கும் இந்த அமைப்பில், பலவீனம் பெரும்பாலும் கேட்கும் பக்கத்தில்தான் இருந்துவந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் தணிக்கை முதலில் வந்தது. அதைக் கேட்கும் அவை மிகப் பின்னால்தான் வந்தது. 1860இல் எட்மண்ட் டிரம்மண்ட் முதல் தலைமைத் தணிக்கையாளரானபோது அவருடைய அறிக்கையை விவாதிக்க இங்கே மக்கள் பிரதிநிதிகளின் அவை கிடையாது. பிரிட்டனிலோ அடுத்த ஆண்டே, கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, மக்களவை பொதுக் கணக்குக் குழுவை அமைத்துக்கொண்டது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் தணிக்கையாளரை அந்த அவையின் கண்ணாக்கியது. காலனி அரசுக்குத் தேவைப்பட்டது கருவூலக் காவல் மட்டுமே. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1921இல்தான் இங்கே மத்தியப் பொதுக் கணக்குக் குழு பிறந்தது. அதற்குத் தலைமை வகித்தவரும் நிதித்துறை உறுப்பினரே, அதாவது செலவழித்த அரசாங்கத்தின் ஆள். இந்த முரண் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950இல் குழு மக்களவைத் தலைவரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதன் தலைவராக 1967வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி முதலில் தலைவரானவர் சுதந்திரா கட்சியின் மினு மசானி.

எதிர்க்கட்சியினர் தலைமை வகிக்கும் அந்த வழக்கமும் சட்டமாகவில்லை, மரபாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் அமைந்த பேரவையின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவரானவர், ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த காங்கிரசின் செல்வப்பெருந்தகை. தனிமனிதரைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. தணிக்கையாளரின் சுதந்திரத்துக்கு 148ஆம் பிரிவு வேலி போட்டிருக்கிறது: உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரை நீக்க முடியும். அவருடைய அறிக்கையைப் படித்து அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் குழுவின் சுதந்திரத்துக்கு அப்படி ஒரு வேலியும் இல்லை. தணிக்கையாளர் யாரையும் தண்டிக்க முடியாது. ஒரு ரூபாய்ச் செலவைக்கூட நிறுத்த முடியாது. 151ஆம் பிரிவின்படி அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்கும் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கும் போகிறது. அங்கே யாரும் கையில் எடுக்காவிட்டால் அது அச்சிட்ட தாள்தான்.

இதற்கு நேர்மாறான கருத்தும் உண்டு: தணிக்கைக்குப் பலம் போதாது என்பதல்ல, மிகுதி என்பதே குறை என்பார்கள். 1956இல் அமெரிக்க நிர்வாக அறிஞர் பால் ஆப்பிள்பி, இந்தியத் தணிக்கை குறுகிய பார்வை கொண்டது, அதிகாரிகளை முடிவெடுக்கவிடாமல் அச்சுறுத்துகிறது என்று எழுதினார். 2010இல் தலைமைத் தணிக்கையாளர் வினோத் ராய் காலத்து அலைக்கற்றை ஒதுக்கீட்டு அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்று சொன்னபோது, தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரி கொள்கைக்குள் மூக்கை நுழைக்கிறார் என்று அதே வாதம் புது உருவில் வந்தது. வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தத் தொகை ஓர் ஊகக் கணக்கு; கணக்கிடும் முறையை மாற்றினால் தொகையும் மாறும். 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. ஆனால் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும் அதே ஒதுக்கீட்டைப் பற்றித்தான். செயல்பாட்டுத் தணிக்கையை எதிர்த்த மனுவையும் அதே ஆண்டு அக்டோபரில் அது தள்ளிவிட்டது. தணிக்கையாளர் வெறும் கணக்குப்பிள்ளை அல்ல என்பது அதன் நிலை. ஊகக் கணக்கைச் சலித்துப் பார்க்க வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. 2011 ஏப்ரலில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான குழு கட்சிவாரியாகப் பிளந்து, வரைவறிக்கையைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். வரம்பு மீறியது தணிக்கை என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் திருத்தும் வேலையை அவை செய்யவில்லை.

ஆர்.கே.பேட்டை போன்ற ஒன்றியத்துக்கு வரும்போது இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. தறிச்சத்தம் நிறைந்த இந்த ஊரின் சாலைக்கும் குடிநீருக்கும் வேலைத் திட்டத்துக்கும் வரும் பணத்தில் டெல்லியின் பங்கும் உண்டு, சென்னையின் பங்கும் உண்டு. செலவுச்சீட்டு இருப்பதோ வட்டார வளர்ச்சி அலுவலகத்தில். 1971ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓர் அமைப்பு பெறும் மானியமோ கடனோ ஆண்டுக்கு 25 லட்சத்துக்குக் குறையாமலும் அதன் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் தணிக்கையாளர் உள்ளே வரலாம் என்கிறது. 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்தபோது, அவற்றின் கணக்குத் தணிக்கையை 243-ஜே பிரிவு மாநிலச் சட்டத்திடம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் அது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் பொறுப்பு. பதினோராவது நிதிக்குழு 2000இல் சொன்ன பிறகே, தலைமைத் தணிக்கையாளர் அந்தத் துறைகளுக்கு நுட்ப வழிகாட்டியானார். ஒன்றியத்தில் எழுதப்படும் தணிக்கைத் தடைகளில் மிகச் சிலவே சட்டமன்ற மேசையை எட்டும் தணிக்கைப் பத்திகளாகின்றன.

நூறு நாள் வேலைத் திட்டம் இதற்கு நல்ல சோதனை. எல்லைக்கு அப்பால் சித்தூரில் அது 2006 பிப்ரவரியில் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. 2013இல் தலைமைத் தணிக்கையாளர் நாடு முழுவதும் 3,848 ஊராட்சிகளைப் பார்த்து, ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சராசரி வேலை 2009-10இல் 54 நாளாக இருந்தது 2011-12இல் 43 நாளாகச் சரிந்ததைக் காட்டினார். நாட்டளவில் இது நாடாளுமன்றத்துக்குப் பயன்படும் தகவல். ஆனால் நாட்டிலுள்ள ஊராட்சிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் இத்தனை சிறிய பகுதியைப் பார்க்கும் மாதிரி, ஒரு குறிப்பிட்ட ஏரிக்கரையில் வேலை நடந்ததா என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்விக்கு ஆந்திரம் முதலில் வழி கண்டது. சமூகத் தணிக்கைக்கென்று 2009இல் தனிச் சங்கமே அமைத்து, கூலி வாங்கியவர்களிடமே பதிவேட்டை வாசித்துக் காட்டச் செய்தது. எல்லைக்கு இப்பாலுள்ள நாம் அங்கிருந்து கற்றது தாமதமாகத்தான்.

சமூகத் தணிக்கை நடக்கும் கிராமசபைக் கூட்டத்தில் கூச்சலும் சாதிப் பகையும் ஊராட்சித் தலைவரின் ஆட்களுமே வெல்வார்கள், அதைத் தணிக்கை என்று எப்படி ஏற்பது என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். தணிக்கையாளரோடு கலந்து மத்திய அரசு வகுத்த 2011ஆம் ஆண்டின் தணிக்கை விதிகள் அதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கின்றன: திட்டத்தை நடத்தும் அலுவலகம் சமூகத் தணிக்கையில் தலையிடக்கூடாது, அதற்கெனத் தனி அமைப்பு வேண்டும், ஓராண்டின் கண்டறிவுகளின் சுருக்கத்தை மாநில அரசு தலைமைத் தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். கிராமசபையில் ஒரு கூலிக்காரர் எழுப்பும் கேள்வி நாடாளுமன்றத்தை எட்டுவதற்கு இப்படி ஒரு பாதையாவது தாளில் உண்டு. இதில் பிடிப்பில்லாத இடம் கடைசிப் படிதான். வந்து சேரும் பத்தியைக் குறித்த காலத்துக்குள் விவாதிக்க வேண்டும் என்று பொதுக் கணக்குக் குழுவை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. எதிர்க்கட்சியினரே அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. தணிக்கையாளரின் வரம்பை மீண்டும் வரையத் துடிப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது அந்த அவை விதிகளில்.