வெள்ளை எது?

உடுப்பிட்டியில் ஒரு திருமண வீடு. வீடியோக் கமராவுடன் வந்த இளைஞர், படம் பிடிக்கத் தொடங்குமுன், "ஒரு வெள்ளைக் கடதாசி தாருங்கோ" என்று கேட்டார். கடதாசி உடனே அகப்படவில்லை. வீட்டாருள் ஒருவர் சலவை வேட்டியொன்றை மடித்து நீட்டினார். இளைஞர் அதனைக் கமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். பின்னர் அப்படத்தைப் பார்த்தபோது மணமக்களின் முகங்கள் மஞ்சள் பூசியவைபோல் தோன்றின. அது நீலம் போட்டு வெளுத்த வேட்டி. நீலங் கலந்த அவ்வெண்மையையே கமரா 'வெள்ளை' என ஏற்று, அதற்கு ஈடாக ஏனைய நிறங்கள் அனைத்தையும் மஞ்சளின் பக்கம் தள்ளிவிட்டது.

வெள்ளை எது? அதைத் தீர்மானிப்பவர் யார்? தொழில்நுட்பக் கேள்விபோலத் தோன்றும் இதனுள்ளே ஒரு சமூக வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

மனிதக் கண்ணுக்கு இத்தொல்லை பெரிதும் இல்லை. விளக்கொளியில் பார்த்தாலும் வெயிலிற் பார்த்தாலும் கடதாசி நமக்கு வெள்ளையே. கண்ணிலுள்ள மூவகை நிறவுணர்விகள், வந்துவிழும் ஒளிக்கேற்பத் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன என்று ஜெர்மானிய உடலியலறிஞர் வொன் கிரீஸ் 1902 ஆம் ஆண்டிலே விளக்கினார். கமரா செய்வதும் ஏறத்தாழ இதுவே. சிவப்பு, பச்சை, நீலம் என ஒளியை மூன்றாகப் பிரித்து, காட்டப்பட்ட வெள்ளைப் பொருளில் மூன்றும் சமமாகும் வரை சிவப்பின் வலுவையும் நீலத்தின் வலுவையும் அது மாற்றுகிறது. இதனையே வெண்சமநிலை என்கிறோம். ஆயின் கண் தானாகவே பழகிக்கொள்கிறது. கமராவுக்கோ ஒருவர் வெள்ளையைக் காட்டவேண்டும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவையாற் குறிப்பர். கொல்லன் உலையில் இரும்பு முதலிற் சிவந்து, பின் மஞ்சளாகி, மேலும் காய வெண்மை கொள்வதை மாணவர் கண்டிருப்பர். அதுவே இவ்வளவையின் அடிப்படை. மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய இழைக்குமிழ் 2,800. நண்பகல் வெயில் 5,500. நீலவானின் கீழுள்ள நிழல் 7,000க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது.

படச்சுருளின் காலத்தில் இத்தீர்மானம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. பகலொளிக்கு ஒரு சுருள். 3,200 கெல்வின் கொண்ட படப்பிடிப்பு விளக்குகளுக்கு இன்னொரு சுருள். இடைப்பட்ட ஒளிக்கு நிறக்கண்ணாடிகளைப் பொருத்திச் சரிசெய்தனர். மின்னணுக் கமரா வந்தபின்னரே அவ்வதிகாரம் கமராவை ஏந்துபவரின் விரல் நுனிக்கு வந்தது. இலங்கையிலே தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. பின்னர் வீடியோக் கமரா மெல்ல மெல்ல நம் கல்யாண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

தொழிற்சாலையின் தீர்மானம் எத்தகையதாயிருந்தது? கொடாக் நிறுவனம் 1950களிலிருந்து நிறப்பட ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாதிரியின் பெயரால் அது 'ஷேர்லி' அட்டை எனப்பட்டது. அவளுடைய தோல் சரியாகத் தெரிந்தால் நிறம் சரி, இதுவே அளவுகோல். கருநிறத்தவரின் முகங்கள் விவரமிழந்து இருண்டபோது, அது படச்சுருளின் குறையாகக் கருதப்படவில்லை. சொக்கிளேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் தம் பொருள்களின் கபில நிறவேறுபாடுகள் பதிவாகவில்லை என முறையிட்ட பின்னரே திருத்தம் வேகம்பெற்றது. மனிதரின் முகம் சாதிக்காததைச் சந்தைப்பொருள் சாதித்தது!

இதே காலத்தில் தென்னாபிரிக்காவிற் கறுப்பின மக்கள்மீது சுமத்தப்பட்ட கடவுப் புத்தகங்களுக்குப் பொலராய்ட் கமராக்கள் பயன்பட்டன. 1970 இல் அந்நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளரான கரோலின் ஹன்ரரும் கென் வில்லியம்சும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஏழாண்டுகளின் பின், 1977 இல், நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது. கருவி நடுநிலையானது என்னும் கூற்றை முதலில் மறுத்தவர்கள் அக்கருவியை ஆக்கிய தொழிலாளரே என்பது நம் சிந்தனைக்குரியது.

இன்று கைத்தொலைபேசி தானாகவே வெள்ளையைத் தீர்மானிக்கிறது. அதற்கும் ஒரு முற்கோள் உண்டு. காட்சியிலுள்ள எல்லா நிறங்களின் சராசரியும் சாம்பல் நிறம் என்பதே அதன் எளிய வடிவம். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் நிற்கும் விவசாயியைப் படம்பிடித்துப் பாருங்கள். சட்டத்தை நிறைக்கும் செம்மண்ணைப் பிழையான ஒளி எனக் கருதி, கருவி சிவப்பைக் குறைக்கக்கூடும். மண்ணும் வெளிறும், மனிதனின் முகமும் நீலம் பாரிக்கும். இன்றைய கருவிகள் பெரிதும் திருந்தியிருப்பினும், 'சராசரி' என்பது எவருடைய உலகின் சராசரி என்னும் கேள்வி திருந்திவிடவில்லை.

நமது வெண்மைக்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் மங்கலத்துக்கும் மரணத்துக்கும் 'வெள்ளை கட்டுதல்' சலவைத் தொழிலாளர்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. படத்திலே துணி வெண்மையாய்த் தெரியும். அதனை வெளுத்த கை தெரியாது. வெள்ளை இயற்கையாய்க் கிடைப்பதன்று, உழைப்பால் ஆக்கப்படுவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இறுதியாக ஒன்று. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், மாணவர் ஜாம் போத்தலில் ஏற்றிய சிறு விளக்கின் முன் அமர்ந்து படித்தனர். மண்ணெண்ணெய் துளித்துளியாகச் செலவிடப்பட்ட காலம் அது. அவ்விரவுகளை என் மாணவர் ஒரு குறும்படத்திற் காட்ட முயன்றனர். கமரா அச்சுடரின் செம்மஞ்சளைக் குற்றமெனக் கண்டு 'திருத்தி' விட்டது. கொப்பி பகலிற்போல வெளுத்தது. அந்தச் சிறுவனின் பட்டினியும் விழிப்பும் அவ்வெண்மையில் மறைந்துபோயின. மறுநாள் அவர்கள் தானியக்கத்தை நிறுத்திவிட்டு, கமராவை 5,500 கெல்வினில் நிலைநிறுத்தினர். சுவரும் கொப்பியும் முகமும் செம்மஞ்சளாயின. அப்போதுதான் அது எங்கள் இரவாயிற்று.

திருமண வீட்டிலே வெள்ளையைச் சரியாகக் காட்டவேண்டும். அதற்கு நீலம் படாத கடதாசியை, முகத்தில் விழும் அதே ஒளியிற் பிடித்தாற் போதும். ஆனால் எதனைத் திருத்துவது, எதனைத் திருத்தாது விடுவது என்பதைப் பொத்தான் அறியாது. அதனை அறியவேண்டியவர் கடதாசியைப் பிடிப்பவரே. நம் மாணவருக்குக் கமராவைக் கொடுக்கும்போது, இக்கேள்வியையும் சேர்த்தே கொடுப்போமாக.