ஷ்வாபன் அரணும் அதனைத் தாக்கிய சேனைகளும்

முதல் ஜெர்மன் யுத்தம் என்றவுடன் நம் நாட்டார்க்கு நினைவில் எழுவது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுகளைப் பொழிந்துவிட்டு மறைந்த எம்டன் கப்பலேயாம். கெட்டிக்காரப் பிள்ளையை ‘சரியான எம்டன்’ என்று வீட்டிலுள்ளோர் கூறும் வழக்கும் அதனின்று பிறந்ததே. ஆயினும் அந்த மகாயுத்தம் தீர்மானமானது கடலிலன்று. பிரான்சு தேசத்தின் சுண்ணாம்பு மண்ணில் வெட்டிய அகழிகளிலேயாம். அவ்வகழிகளுள் ஒன்றைப் பற்றி, அதாவது ஆங்கிலச் சேனை ஒரே பகலிற் பிடித்து, அன்றிரவே இழந்து, மறுபடி முற்றும் பிடிக்க மூன்றரை மாதம் போராடிய ஓர் அரணைப் பற்றி, நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு இங்கு எழுதத் துணிந்தோம். அதனை எழுதுவதற்கு நமக்கென்று ஒரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

பிரான்சின் வடபகுதியில் சோம் என்னும் ஆறும், அதனோடு சேரும் ஆங்கர் என்னும் சிற்றாறும் உள்ளன. ஆங்கர் ஆற்றின் தென்கரையில் மேடான ஒரு நிலத்தில் தியெப்வால் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூருக்குச் சற்று வடக்கே, மேட்டின் உச்சியில், ஜெர்மானியர் அமைத்த அரணுக்கே ஷ்வாபன் அரண் என்று பெயர். ஸ்வாபியா என்பது தென் ஜெர்மனியில் ஒரு நாடு. அப்பக்கத்து வூர்ட்டம்பர்க் வீரர்களே அவ்விடத்தைக் காத்துவந்தனர்.

அரண் என்றவுடன் செஞ்சிக் கோட்டையையோ வேலூர்க் கோட்டையையோ நேயர்கள் மனத்தில் எண்ணலாகாது. இங்கே மதிலுமில்லை, கொத்தளமுமில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெண்மண் கிளறிய ஒரு மேடே தோன்றும். உள்ளே சென்றாலோ, முக்கோண வடிவாக ஒன்றோடொன்று பின்னிய அகழிகள்; அவற்றின் முன்னே அடர்ந்த முட்கம்பி வேலி; மூலைகளில் இயந்திரத் துப்பாக்கிகள்; அகழிகளின் கீழே இருபது முப்பது அடி ஆழத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செய்த நிலவறைகள். நிலவறைகளிற் படுக்கையும் உணவும் மருந்தும் வைத்திருந்தனர். மேலே குண்டு விழும்போது வீரர் கீழே சென்று பதுங்குவர். ஓய்ந்தவுடன் படியேறி வந்து துப்பாக்கியை நிறுத்துவர். ஏறிவரும் நேரத்துக்கும், எதிரி வெளியைக் கடந்துவரும் நேரத்துக்கும் நடக்கும் பந்தயமே அகழி யுத்தத்தின் உயிர்நாடி. இதனை மனத்திற் கொண்டால் மேல் வருவன யாவும் விளங்கும்.

நிற்க. 1916ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி ஆங்கிலப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஏழு நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகள் வீசப்பட்டன. மேலே ஓர் எலியும் பிழைத்திராது என்று பலர் நம்பினர். நிலவறைகளில் இருந்தவரோ பெரும்பாலும் பிழைத்தே இருந்தனர். ஜூலை 1ஆம் தேதி காலை 7.30 மணிக்குக் காலாட்படை எழுந்து நடந்தது.

ஷ்வாபன் அரணைத் தாக்கும் பணி 36ஆவது டிவிஷனுக்கு விழுந்தது. இதனை அல்ஸ்டர் டிவிஷன் என்பர். ஐர்லாந்தின் வடபாகமாகிய அல்ஸ்டரில், ஐர்லாந்துக்குத் தனி ஆட்சி வருவதை எதிர்க்கும்பொருட்டுப் புராடெஸ்டண்டு கிறிஸ்தவர்கள் ஒரு தொண்டர் படை திரட்டியிருந்தனர். யுத்தம் மூண்டதும் அத்தொண்டர்களே பெரும்பான்மையாக இந்த டிவிஷனிற் சேர்ந்தனர். ஒரே தெருவார், ஒரே ஆலையில் வேலை செய்தோர், ஒரே சபையில் உறுப்பினராயிருந்தோர், அண்ணன் தம்பியர், மாமன் மைத்துனர் என்று ஒரே பட்டாளத்தில் நின்றனர். டைரோன் ஜில்லாவார்க்கு ஒரு பட்டாளம்; டெர்ரி ஜில்லாவார்க்கு ஒரு பட்டாளம்; பெல்பாஸ்டு நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொன்று. குலத்தாரும் ஊராரும் ஒன்றுகூடி நிற்பதன் பொருள் யாது என்பதை நம் சங்கத்தார்க்கு நாம் விரித்துக் கூற வேண்டுவதில்லை.

அவர்களுடைய தலைவர் மேஜர் ஜெனரல் ஆலிவர் நூஜெண்ட் என்பார். மற்றைய பல டிவிஷன்கள் தம் அகழியினின்று 7.30 மணிக்கே ஏறி வெளியைக் கடக்கத் தொடங்கின. அல்ஸ்டர் வீரர்களோ அதற்குக் கால்மணி நேரம் முன்னரே தியெப்வால் காட்டைவிட்டு ஊர்ந்து சென்று, ஜெர்மன் அகழிக்கு ஏறக்குறைய நூறு கஜம் வரை நெருங்கிப் படுத்திருந்தனர். குண்டுமாரி நின்றதும் ஊதுகொம்பு ஒலித்தது. அவர்கள் எழுந்து ஓடினர். நிலவறையிலிருந்து மேலேறி வருமுன்னரே ஜெர்மானியர் பலர் அகப்பட்டனர். பந்தயத்தில் இம்முறை ஓடிவந்தவரே வென்றனர். முதல் அகழி விழுந்தது, இரண்டாவது விழுந்தது, காலைப்பொழுதிலேயே ஷ்வாபன் அரணும் அவர்கள் கைக்குள் வந்தது. அன்று காலை சோம் களத்தின் வடபாதியில் இத்துணை ஆழமாகச் சென்றவர் வேறெவருமிலர்.

இங்கே இருவரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. வில்லியம் மக்பாட்யன் என்பான் பெல்பாஸ்டைச் சேர்ந்த இருபது வயது இளைஞன். தாக்குதலுக்குச் சிறிது முன் நெருக்கமான அகழியொன்றில் கையெறி குண்டுப் பெட்டியைத் திறக்கும்போது பெட்டி கைதவறி விழுந்து, இரண்டு குண்டுகளின் ஊசிகள் கழன்றன. சில விநாடிகளில் அவை வெடிக்கும். சுற்றிலும் தோழர்கள். அவன் அக்குண்டுகளின்மேல் தன் உடலைக் கிடத்தினான். அவன் மாண்டான்; அருகிருந்தோரில் ஒருவனே காயமுற்றான். மற்றொருவர் காப்டன் எரிக் பெல். முன்னேறும் வரிசையை இயந்திரத் துப்பாக்கி மறித்தபோது தவழ்ந்து சென்று அதனை இயக்கியவனைச் சுட்டார். பின்னர்த் தலைவரை இழந்து நின்ற சிறு சிறு கூட்டங்களை ஒன்றுசேர்த்து நடத்துகையிற் கொல்லப்பட்டார். இருவர்க்கும் இறந்தபின் விக்டோரியா கிராஸ் அளிக்கப்பட்டது.

அரண் கைப்பற்றப்பட்டது, ஆனால் அதனை வைத்துக்கொள்ளுவது எங்ஙனம்? அல்ஸ்டர் படையின் வலப்புறம் தியெப்வால் ஊரைத் தாக்கிய 32ஆவது டிவிஷனும், இடப்புறம் ஆங்கருக்கு அப்பால் தாக்கிய 29ஆவது டிவிஷனும் தோற்றுப்போயின. ஆகலின் இருபுறத்து ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளும் நடுவெளியைச் சல்லடையாகத் துளைத்தன. முன்னே சென்றவர்க்குக் கையெறி குண்டும் தோட்டாவும் தண்ணீரும் கொண்டுசெல்லப் புறப்பட்டோர் வழியிலேயே வீழ்ந்தனர். அன்று நல்ல வெயில் வேறு.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று நிகழ்ந்தது. அரணுக்கு அப்பாலுள்ள அடுத்த ஜெர்மன் வரிசையைப் பிடிக்க 107ஆவது பிரிகேடு போகவேண்டும் என்பது ஏற்பாடு. இருபுறமும் தோற்ற செய்தியறிந்த நூஜெண்ட், அதனை நிறுத்தலாமா என்று மேலதிகாரிகளைக் கேட்டார். திட்டப்படியே செல்க என்று விடை வந்தது. சிறிது நேரங்கழித்து, நிறுத்துக என்று மறு உத்தரவு வந்தது. அதற்குள் பிரிகேடு போய்விட்டது. செய்தி கொண்டு ஓடியவர் அவர்களை எட்டவில்லை. விரைந்து சென்ற அவ்வீரர்கள் குறித்த நேரத்துக்கு முன்னரே அவ்வரிசையை அணுகியமையால், தம் சொந்தப் பீரங்கிகளின் குண்டுமாரிக்கே இரையாயினர். பீரங்கிக்குக் கடிகாரம் தெரியும், கண் தெரியாது. அதனை நிறுத்தச் சொல்லும் வழியொன்றும் அந்நாளில் இல்லை. தந்திக் கம்பிகள் அறுந்தன, ஓடுவோர் இறந்தனர்.

ஜெர்மன் தலைவர் வான் சோடன் இவ்வரணை எவ்வாற்றானும் மீட்க வேண்டுமென ஆணையிட்டார். அதன் உச்சியில் ஆங்கிலேயர் நிலைத்தால் ஆங்கர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் அவர்கள் கண்ணுக்குக் கீழ்ப்பட்டுவிடும் என்பதை அவர் அறிவார். பவேரியாவிலிருந்து வந்த பட்டாளமும் சேர, பிற்பகல் முழுவதும் எதிர்த்தாக்குதல் நடந்தது. ஆங்கிலேயரின் துணைப்படையாகிய 49ஆவது டிவிஷன் துண்டு துண்டாகச் செலவிடப்பட்டு, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு வரவில்லை. இரவு பத்து மணியளவில் குண்டும் தோட்டாவும் தீர்ந்து, எஞ்சியவர் அரணைவிட்டுப் பின்வாங்கினர். முதல் ஜெர்மன் அகழியில் ஒரு பகுதி மாத்திரமே கையில் நின்றது.

அன்று ஒருநாளில் ஆங்கிலச் சேனை முழுதும் இழந்தது 57,470 பேர். அவருள் இறந்தோர் 19,240. அல்ஸ்டர் டிவிஷன் மட்டும் 5,000க்கு மேற்பட்டோரை இழந்தது. இறந்தோர் ஏறக்குறைய 2,000. ஒரே ஊராரை ஒரே பட்டாளத்தில் வைத்ததன் மறுபுறம் அப்பொழுதுதான் தெரிந்தது. ஒரே தெருவில் வீடு வீடாகச் சாவுச் செய்தி வந்தது. ஜூலை 12ஆம் தேதி அல்ஸ்டர் புராடெஸ்டண்டுகளின் பெருந்திருநாள். அவ்வாண்டு வழக்கமான ஊர்வலம் இல்லை. நண்பகலில் ஐந்து நிமிடம் பெல்பாஸ்டு நகரம் அசையாது நின்றது.

இனி இரண்டாவது தாக்குதல். செப்டம்பர் மாதத்தில் இப்பணி 18ஆவது டிவிஷனுக்கு வந்தது. இவர்கள் ஸபக், பெட்போர்டு, எஸ்ஸெக்ஸ் முதலிய கிழக்கு, தெற்கு ஜில்லாக்களினின்றும் யுத்தம் வந்தபின் சேர்ந்த புதியவர். எழுத்தர், கடைச் சிப்பந்தி, பண்ணையாள், ஆசிரியர் எனப் பலதிறத்தார். போர்க்குடி என்று இவர்களைப் பாடினோர் ஒருவருமிலர். இவர்தம் தலைவர் ஐவர் மாக்ஸி என்பார் பயிற்சியில் மிகக் கண்டிப்பானவர். ஒவ்வொரு வீரனும் தான் செல்லவேண்டிய இடத்தையும் செய்யவேண்டிய செயலையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பீரங்கிக் குண்டுமாரியும் இப்பொழுது வேறு முறையில் வந்தது. சிறிது சிறிதாக முன்னே நகரும் திரைபோல அது செல்ல, அதனை ஒட்டியே காலாட்கள் நடந்தனர். நிலவறையினின்று பகைவன் ஏறுமுன் அதன் வாயிலில் நிற்பதே நோக்கம். அல்ஸ்டரார் ஊர்ந்து சென்று பெற்ற பயனை, இவர்கள் இம்முறையாற் பெற்றனர். இவர்களுக்கு மேலிருந்து நடத்திய கிளாட் ஜேக்கப் என்பார் நம் நாட்டுச் சேனையில் உழைத்தவர். 1915இல் பிரான்சில் இந்தியக் காலாட்களின் மீரத் டிவிஷனுக்குத் தலைவராயிருந்தவர்.

செப்டம்பர் 26ஆம் தேதி தாக்கி, மறுநாட் காலைக்குள் தியெப்வால் ஊரைப் பிடித்தனர். 28ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு ஷ்வாபன் அரண்மேற் சென்றனர். பெட்போர்டு பட்டாளத்தைச் சேர்ந்த டாம் ஆட்லம் என்பார் பள்ளி ஆசிரியர். முந்திய நாளே காலில் அடிபட்டும் கையெறி குண்டுகளை வீசி முன்னேறியவர். அன்று மீண்டும் அடிபட்டு வீச இயலாதபோதும் தம் ஆட்களை நடத்தியே சென்றார். இவரும் விக்டோரியா கிராஸ் பெற்று, நெடுநாள் வாழ்ந்தார். அன்று மாலைக்குள் அரணின் தென்பகுதி விழுந்தது. வடபகுதியோ விழவில்லை. அதன்பின் மழை, சேறு, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே கையெறி குண்டுச் சண்டை. களைத்த 18ஆவது டிவிஷனுக்குப் பதிலாக 39ஆவது டிவிஷன் வந்து, அக்டோபர் 14ஆம் தேதி கடைசிப் பகுதியையும் பிடித்தது.

இனி நாம் முன்னர்க் குறித்த காரணத்தைக் கூறுவோம். ஆங்கில அரசினர் நம் நாட்டில் ‘போர்க்குலம்’, ‘போர்க்குலமல்லாதது’ என்று ஜாதிகளைப் பிரித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் என்பார், தென்னாட்டாரிடம் போர்த்திறன் குன்றிவிட்டது என்று கருதினார். பின்னர்ச் சென்னைப் பட்டாளங்கள் பல குறைக்கப்பட்டன. அதன் விளைவாக நம் தமிழ்நாட்டுச் ஜாதிகள் பலவும், நம்முடையதும் உட்பட, தாம் போர்க்குலமே என்று மெய்ப்பிக்கப் பழங் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் தேடலாயின. தேடியதிற் குற்றமில்லை. ஆனால் ராபர்ட்ஸின் அளவுகோலையே நாமும் கையிலெடுத்தோம் என்பதை எத்தனைபேர் எண்ணினோம்? அவர்தம் சொந்த நாட்டாரே ஷ்வாபன் அரணில் அதனை முறித்துவிட்டனர். குருதியுறவும் குலப்பற்றும் நிறைந்த அல்ஸ்டரார் உள்ளே புகுந்தது, முன்கூட்டி ஊர்ந்துசென்ற உபாயத்தால். அவர்கள் தோற்றது, பக்கத்திலிருந்த பிறர் தோற்றமையால். அவர்தம் பற்று அவர்களை மடியும்வரை நிற்கச் செய்தது. தண்ணீர் கொண்டுவர அதனால் இயலவில்லை. பின்னர் அதனைப் பிடித்தோர் எக்குலமென்று கேட்பாரில்லாத எழுத்தரும் பண்ணையாட்களுமாவர்.

மற்றொன்று. அதே சோம் களத்தில், அதே செப்டம்பரில், கில்மோன், ஜான்ஷி என்னும் ஊர்களைத் தாக்கி மாண்ட 16ஆவது டிவிஷனாரும் ஐர்லாந்தினரே, பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களை அவர்தம் நாட்டிலேயே நெடுங்காலம் நினைப்பார் அருகினர். தத்தம் இறந்தோரை மாத்திரம் எண்ணுவது அங்கும் உண்டு.

அரண் அதன்பின்னும் ஓய்வடையவில்லை. 1918 மார்ச்சில் ஜெர்மானியர் அதனை மறுபடி பிடித்தனர்; ஆகஸ்டில் ஆங்கிலேயர் மீட்டனர். 1921இல் அருகே அல்ஸ்டர் கோபுரம் எழுப்பப்பட்டது. 1932இல் தியெப்வாலில், கல்லறையில்லாதோர் 72,000க்கு மேற்பட்டவர்தம் பெயர் பொறித்த பெருவளைவு எழுந்தது. அரண் இருந்த இடத்தில் இன்று பயிர் விளைகின்றது. அதன் ஓரத்தில் மில் ரோடு என்னும் இடுகாடு உள்ளது. 1,300க்கு மேற்பட்டோர் அங்கே கிடக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோர் யாரென்று அறியப்படாதவர். மற்ற இடுகாடுகளிற் கற்கள் நிமிர்ந்து நிற்க, இங்கே பல கற்கள் படுக்கவைக்கப்பட்டிருக்கின்றன. கீழே உள்ள ஜெர்மானியரின் நிலவறைகளும் சுரங்கங்களும் இன்னும் உள்வாங்கிக்கொண்டே இருத்தலால், நிறுத்திய கற்கள் அங்கே நிற்பதில்லை.