கீழே, சாய்வாக, முன்னே

விளையாட்டு இயந்திரத்தின் கோலை முதலில் கீழே தள்ள வேண்டும். கையெடுக்காமல் சாய்வாக உருட்டி முன்னே கொண்டுவந்து, குத்துப் பட்டனை அடிக்க வேண்டும். திரையில் நிற்கும் ரியூ என்ற வீரனின் உள்ளங்கைகளிலிருந்து நீல நெருப்பு பாயும். பெடியள் 'ஹடூக்கன்' என்று கத்துவது இதைத்தான்.

இந்த அசைவு பிறந்தது ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில். இயக்கியவர் தகாஷி நிஷியாமா. 'யமாட்டோ' என்ற விண்கப்பல் கார்ட்டூனில் வரும் பீரங்கிதான் அவருக்கு இந்த நெருப்பைத் தந்தது. ஆனால் அந்த முதல் இயந்திரம் மகா கண்டிப்பு. எத்தனை உருட்டினாலும் ஒன்றிரண்டுதான் வாய்க்கும். 1991இல் வந்த இரண்டாம் பாகம் கொஞ்சம் இரங்கியது. கோல் எங்கே நிற்கிறது என்று விநாடிக்கு 60 தடவை பார்த்து, கடந்த திசைகளைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் மூன்று திசையும் வரிசையாக வந்து பட்டனும் விழுந்தால் போதும். சாதாரணப் பிள்ளைகளின் கைக்கும் அது எட்டியது இந்தத் தாராளத்தால்தான்.

நிஷியாமா அதற்குள் எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய்விட்டார். அசைவும் அவரோடு போனது. 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ்' வரிசையில் அதே கால்வட்ட உருட்டல்தான். 'டெக்கன் 3' ஆட்டத்தில் போல் என்ற வீரனின் பெருங்குத்துக்கும் அதேதான்.

கொழும்புக்கு இது பல வழிகளில் வந்தது: ரீவி கேம் கசெட், பிளேஸ்டேஷன் கொப்பி சீடி, பிறகு கணினியில் எமுலேட்டர். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச்சாவடிக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த பெற்றோர் எத்தனையோ பேர். வடக்கிலிருந்து வந்து, வெளிநாட்டுப் பயணத்துக்காக லொட்ஜ் அறைகளில் காத்துக் கிடந்த இளைஞர்களும் இருந்தார்கள். காத்திருப்பவரிடம் நேரம் மட்டும் தாராளமாக இருந்தது; விரல் பழக அது போதும்.

கோல் இல்லாத இடத்தில் கீபோர்ட்தான். அதில் சாய்வுத் திசைக்கென்று தனி விசை கிடையாது. இரண்டை ஒன்றாக அமத்தித்தான் அதை உண்டாக்க வேண்டும். "தம்பி, கீழ அமத்திப் பிடி. விடாம முன்பக்கத்தையும் அமத்து. இப்ப கீழதை விடு. உடன குத்து!" மூத்தவர் பின்னால் நின்று இப்படிச் சொல்லிக்கொடுப்பார். கீழ் விசையை முந்தி விட்டால் சாய்வு கிடைக்காது, ரியூ சும்மா நடந்துபோய் ஒரு குத்து விடுவான். பிந்தி விட்டால் குந்தியிருந்து குத்துவான். பிள்ளை பிழைவிட்ட இடத்தை, விரலைப் பார்க்காமல் ரியூவைப் பார்த்தே அண்ணாமார் சொல்லிவிடுவார்கள்.

ஒரே கீபோர்டில் இருவர் மோதும்போது சிக்கல் இன்னும் கூடும். மலிவான கீபோர்ட் ஒரே நேரத்தில் சில விசைகளுக்கு மேல் வாங்காது. ஒருவன் மூன்றை அமத்திப் பிடித்திருந்தால் மற்றவனின் குத்து கணினிக்குப் போய்ச் சேராமலே போகலாம். வேண்டுமென்றே அப்படிச் செய்தான் என்று சண்டை திரையைவிட்டு நாற்காலிக்கு வரும். எந்தெந்த விசைகள் ஒன்றையொன்று மறிக்கும் என்று ஆராய்ந்து, இருவருக்கும் நியாயமாக விசைகளைப் பிரித்துக் கொடுத்த பிள்ளைகளின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். அதை அவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

2023 யூனில் வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' இந்த உருட்டலே இல்லாமல், ஒரு பட்டனில் நெருப்பை விட வழி வைத்தது. விரல் வளையாதவருக்கும் புதிதாக வருபவருக்கும் அது நல்லது, நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த வழியில் விட்டால் அடியின் பலம் 20 சதவீதம் குறையும். முழுப் பலமும் பழைய முறையில் உருட்டுபவருக்கே. அதனால் என்னிடம் கேட்டுவரும் தம்பிமாருக்கு நான் பழைய வழியைத்தான் முதலில் காட்டுகிறேன். எதிராளி தாண்டிக் குதித்து மறுபக்கம் போனதும் முன் பின்னாகும், பழகியதெல்லாம் தலைகீழாகும். ஆகவே வலப்பக்கம் கைவந்த பிறகு இடப்பக்கத்துக்கென்று இன்னொரு கிழமை ஒதுக்க வேண்டும்.