1989: எல்லை கடந்த எழுச்சியும் திறந்திருந்த ஆலயமும்

கொடுங்கோலாட்சியை எதிர்த்து ஒரு நாட்டு மக்கள் வீதிக்கு வரும்போது அண்டை நாடுகளில் என்ன நிகழும்? இக்கேள்வியை ஆள்வோர் அச்சத்தோடும் ஆளப்படுவோர் நம்பிக்கையோடும் கேட்பர். 1989-ஆம் ஆண்டின் கிழக்கு ஐரோப்பாவை ஆராய்வோமாயின், இதற்கு விடையும் திருச்சபைக்கு ஓர் எச்சரிப்பும் கிடைக்கும்.

அண்டை நாட்டின் எழுச்சி தானாகவே விடுதலை தருவதில்லை. 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் மாணவர்கள் போலந்து மக்களுக்கு ஆதரவாகவே முதலில் ஊர்வலம் சென்றனர். ஹங்கேரியின் விடுதலைக்காகப் போரிட்ட போலந்துத் தளபதி பெம் என்பாரின் சிலையடியில் கூடினர். நவம்பர் 4 அன்று சோவியத் படைகள் அவ்வெழுச்சியை நசுக்கின. 1980-இல் போலந்தில் 'ஒருமைப்பாடு' என்னும் தொழிற்சங்கம் தோன்றியபோது, அத்தொற்று தன் நாட்டிற்குள் வராதிருக்க, கிழக்கு ஜெர்மானிய அரசு விசாவின்றிப் போலந்து சென்றுவரும் உரிமையை அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே நிறுத்திவிட்டது.

1989-இல் நிலைமை மாறிற்று. அண்டை நாடுகளின் வழியில் குறுக்கிடுவதில்லை என்று கோர்பச்சேவின் மாஸ்கோ முடிவு செய்திருந்தது. ஜூன் மாதத் தேர்தலில் போலந்தின் மேலவையிலிருந்த 100 இடங்களில் 99-ஐ 'ஒருமைப்பாடு' வென்றது. ஆனால் அத்தேர்தல் தொடங்கிய ஜூன் 4 அன்றே பீக்கிங்கில் மாணவர்மேல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் மக்கள் சபை சீன அரசின் செயலை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. வார்சாவின் வழியா, பீக்கிங்கின் வழியா என்பதே அந்நாட்டு மக்கள் முன்னிருந்த கேள்வி.

செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் எல்லையைக் கிழக்கு ஜெர்மானியருக்குத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரியா வழியாக மேற்கே சென்றனர். அண்டை நாடு திறந்த கதவு, வெளியேறுவோருக்கு வழியாயிற்று, தங்கியிருப்போருக்கோ துணிவாயிற்று.

அத்துணிவு கூடிவர ஓர் இடம் வேண்டியிருந்தது. லைப்சிக் நகரின் புனித நிக்கொலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடைபெற்றுவந்தது. போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் ஆலயத்தின் கதவை விசுவாசிகளுக்கும் விசுவாசமற்றோருக்கும் திறந்துவைத்தார். வந்தோர் மிகச் சிலராயிருந்த திங்கட்கிழமைகளும் உண்டு. 1989 அக்டோபர் 9 அன்றோ ஜெபம் முடிந்தபின் ஏறத்தாழ 70,000 பேர் நகர வீதிகளில் அமைதியாக நடந்தனர். ஆயுதம் தாங்கிய படையினர் சுடவில்லை. சீர்திருத்த சபை ஆலயத்தின் கோபுரத்திலிருந்து இருவர் மறைவாகப் பிடித்த படம் எல்லை கடந்து, மறுநாள் மேற்கு ஜெர்மானியத் தொலைக்காட்சியில் வெளியாயிற்று. அதனைக் கிழக்கிலிருந்தோரும் கண்டனர். ஒரு மாதத்திற்குப்பின், நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது.

ருமேனியாவின் வரலாறு நம்மை அடக்குகிறது. திமிஷ்வாரா நகரில் சீர்திருத்த சபைப் போதகரான லாஸ்லோ தேக்கேஷ் அரசைக் கண்டித்தார். அவரது பேட்டியை ஹங்கேரியத் தொலைக்காட்சி ஜூலை மாதத்தில் ஒளிபரப்பியது. அவரை அப்பட்டணத்திலிருந்து அகற்ற முனைந்தவருள் அவருடைய பேராயரும் ஒருவர் என்பது வேதனைக்குரியது. டிசம்பர் 15 அன்று சபையார் போதகரின் இல்லத்தைச் சூழ்ந்து நின்றனர். ஹங்கேரிய மொழி பேசும் அச்சிறு சபையாரோடு ருமேனியர்களும் பிற சபையினரும் சேர்ந்துகொண்டனர். படைகள் சுட்டன. டிசம்பர் 22 அன்று சௌஷெஸ்கு தப்பியோடினார். ஆனால் அந்நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? அண்டை நாட்டின் எழுச்சி செய்தியையும் வழியையும் துணிவையும் கொடுக்கக்கூடும், விளைவைக் கொடுப்பதில்லை. விளைவு, படைகளுக்கு ஆணையிடுவோரைப் பொறுத்தது. அச்சம் நீங்கிக் கூடிய மக்கள் எங்கே, எம்மனநிலையோடு கூடினர் என்பதையும் பொறுத்தது. லைப்சிக்கில் ஏழாண்டுக் காலத் திங்கள் ஜெபம் மக்களைப் பழிவாங்காமைக்குப் பழக்கிற்று.

ஆயினும் திருச்சபை பெருமை பாராட்ட இடமில்லை. புரட்சியைச் செய்தது திருச்சபையன்று, அது இடங்கொடுத்தது. சபைத் தலைவருள் சிலர் இரகசியப் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவர் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. ஆலயங்களை நிரப்பிய மக்களுள் பெரும்பாலோர் சபையில் நிலைத்திருக்கவுமில்லை. அவர்கள் நிலைக்கமாட்டார்கள் என்று முன்னமே அறிந்திருந்தால் நாம் கதவைத் திறந்திருப்போமா? பிறன் யார் என்று நியாயசாஸ்திரி கேட்ட கேள்விக்கு (லூக்கா 10) ஆண்டவர் எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு சமாரியனைக் காட்டினார். ஊழியத்திற்கு ஆயத்தப்படும் மாணவர், ஆள் கூடாத திங்கட்கிழமைகளிலும் ஆலயத்தைத் திறந்துவைக்கும் பொறுமையை முதலாவது கற்றுக்கொள்வாராக.