எரிக் காண்டெலும் நரம்பிணைப்பின் நெகிழ்வும்

எரிக் காண்டெல் (பிறப்பு: 7 நவம்பர் 1929, வியன்னா), நினைவு மூளையில் எப்படிப் பதிகிறது என்பதை நரம்பணு அளவிலும் மூலக்கூறு அளவிலும் ஆராய்ந்த அமெரிக்க நரம்பியலாளர். ஆஸ்திரியா நாசிகளின் கைக்குப் போன மறு ஆண்டு, 1939இல், யூதச் சிறுவனாக நியூயார்க் வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்தவர், மனப்பகுப்பாய்வில் கொண்ட ஈடுபாட்டால் மருத்துவத்துக்கு மாறினார். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்ட் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். கற்றல் என்பது புதிய நரம்புச் சுற்றை உண்டாக்குவதல்ல. வளர்ச்சியின்போதே அமைந்துவிட்ட சுற்றில், நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான நரம்பிணைப்பின் (சினாப்ஸ்) வலிமையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் என்பது அவர் ஆய்வின் மையக் கூற்று. ரமோன் இ காஹால் 1894இலேயே இதை ஊகித்திருந்தார்; டொனால்ட் ஹெப் 1949இல் கோட்பாடாக வகுத்தார். காண்டெல் செய்தது, ஊகத்தை ஒரு விலங்கின் நடத்தையோடு இணைத்துக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. அந்தச் சாதனை பெரியது. ஆனால் பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு அகலமானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1957இல் ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை அறுவையில் இழந்த நோயாளி புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போனதை விவரித்தார்கள். நினைவு ஹிப்போகாம்பஸில் இருந்தால் அதன் அணுக்களில் ஏதேனும் தனித்தன்மை இருக்க வேண்டும் என்று காண்டெலும் ஆல்டன் ஸ்பென்சரும் அவற்றின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்தார்கள். கிடைத்தது ஏமாற்றம்: அவை மற்ற நரம்பணுக்களைப் போலவேதான் துடித்தன. இதிலிருந்து காண்டெல் எடுத்த முடிவுதான் அவர் வாழ்நாள் ஆய்வின் திசையைத் தீர்மானித்தது. ரகசியம் அணுவுக்குள் இல்லையென்றால் அணுக்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்க வேண்டும். கோடிக்கணக்கான அணுக்கள் பின்னிக் கிடக்கும் பாலூட்டி மூளையில் அந்த இடத்தைத் தேடிப் பயனில்லை. எனவே எளிய விலங்கு ஒன்றை நாடி 1962இல் பாரிசுக்குப் போய், லாதிஸ்லாவ் தாவுக்கிடம் அப்ளிசியா என்ற கடல் முயலை ஆராயக் கற்றுக்கொண்டார். ஓடு வெளியே தெரியாத இந்தக் கடல் நத்தைக்கு மொத்தம் சுமார் 20,000 நரம்பணுக்களே. சில வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. ஒரு விலங்கில் அடையாளம் கண்ட அணுவை அடுத்த விலங்கிலும் அதே இடத்தில் காணலாம்.

நியூயார்க் திரும்பியபின் அவர் குழு தேர்ந்த நடத்தை மிக எளியது. நத்தையின் நீர்க்குழலைத் தொட்டால் அது செவுளை உள்ளிழுக்கும். மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் பழகிப்போய் இழுப்பு சுருங்கும்; வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்த மெல்லிய தொடுகைக்கும் பலமாக இழுக்கும். 1970இல் வெளிவந்த கட்டுரைகளில் இந்த அனிச்சைச் செயலின் சுற்று வரையப்பட்டது: நீர்க்குழல் தோலிலிருந்து சுமார் 24 உணர்வணுக்கள், செவுளை இயக்கும் 6 இயக்கணுக்கள். பழகும்போது உணர்வணு இயக்கணுவுக்கு அனுப்பும் சமிக்ஞை குறைந்தது; அதிர்ச்சிக்குப் பின் கூடியது. கூடுவது எப்படி என்பதையும் படிப்படியாகக் கண்டார்கள். அதிர்ச்சி செரட்டோனினைச் சுரக்கச் செய்கிறது, உணர்வணுவுக்குள் சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகி, புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்குகிறது, பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன, துடிப்பு நீள்கிறது, கால்சியம் கூடுதலாக நுழைந்து, கடத்திப் பொருள் அதிகம் வெளியேறுகிறது. ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தால் இந்த மாற்றம் நிமிடக்கணக்கில்தான் நிற்கும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதே நொதி அணுக்கருவுக்குள் சென்று, கிரெப் என்ற புரதத்தின் வழியே மரபணுக்களை இயக்குகிறது. கிரேக் பெய்லியும் மேரி சென்னும் எண்ணிப் பார்த்தபோது, ஓர் உணர்வணுவுக்குச் சராசரியாக 1,300 என்றிருந்த இணைப்பு முனைகள் நீடித்த பயிற்சிக்குப் பின் 2,700 அளவுக்கு உயர்ந்திருந்தன. குறுகிய கால நினைவு இருக்கும் இணைப்பைத் திருத்துகிறது, நீண்ட கால நினைவு புது முனைகளை வளர்க்கிறது என்ற வேறுபாடு இப்படித்தான் உடற்கூறாக நிலைபெற்றது.

இந்தச் சித்திரத்துக்கு மறுப்புகளும் எழுந்தன. முதல் மறுப்பு, நத்தையின் அனிச்சையை நினைவு என்று சொல்லலாமா என்பது. நியாயமான கேள்வி, ஆனால் விடை காண்டெலின் ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்பதுதான் அந்த விடையின் பலம். சீமோர் பென்சரின் குழு, நத்தையை ஆராயாமலே, கற்றதை மறந்துவிடும் பழ ஈக்களைத் தேடியது. 1976இல் விவரிக்கப்பட்ட ‘டன்ஸ்’ என்ற ஈவகையில் கெட்டிருந்தது சுழல் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியின் மரபணு என்று பின்னர் தெரியவந்தது. 1994இல் கிரெப் குறைந்த எலிகள், கற்றதைச் சிறிது நேரம் நினைவில் வைத்து, அடுத்த நாள் இழந்தன. ஆக, மூலக்கூறு நத்தைக்கும் ஈக்கும் எலிக்கும் பொது. சுற்று பொது என்று இதனால் ஆகாது. 1973இல் பிளிஸும் லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் கண்ட நீண்டகால வலுவேற்றம் (தூண்டப்பட்ட இணைப்பு நெடுநேரம் வலுவாகவே நிற்பது) அங்குள்ள பல இணைப்புகளில் வேறு ஏற்பி வழியாகத் தொடங்குகிறது; ஓர் ஊரின் வழியை நினைவில் வைக்கும் வலையமைப்பைச் செவுளின் சுற்றிலிருந்து வருவித்துவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு நத்தையின் உள்ளிருந்தே எழுந்தது. 1989இல் ஒளிப்பதிவு முறையில் பார்த்தபோது, செவுளை இழுக்கும்போது நூற்றுக்கணக்கான நரம்பணுக்கள் துடிப்பது தெரிந்தது. முப்பது அணுக்களின் சுற்று என்ற சித்திரம் எளிமைப்படுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்றாலும் உணர்வணுவுக்கும் இயக்கணுவுக்கும் இடையிலான இணைப்பு மாறுகிறது என்ற அளவீடு அதனால் பொய்க்கவில்லை; அது நினைவின் முழு இருப்பிடம் அல்ல, ஒரு பங்கு என்றே ஆகிறது.

மூன்றாவதாக, அப்ளிசியாவை ஆராயும் நரம்பியலாளர் டேவிட் கிளான்ஸ்மனின் மறுப்பு ஆழமானது. 2014இல் அவர் குழு, பயிற்சியில் வளர்ந்த முனைகள் அழிந்து எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், எஞ்சியவை பழைய முனைகளாகவே இருக்கவில்லை என்றும், அழிந்ததாகத் தோன்றிய நினைவைச் சிறிய தூண்டலால் மீட்க முடிகிறது என்றும் காட்டியது. 2018இல், பயிற்சி பெற்ற நத்தையின் ஆர்என்ஏவைப் பயிற்சி பெறாத நத்தைக்குச் செலுத்தியபோது அதன் இழுப்பும் நீண்டது. நினைவு அணுக்கருவில் இருக்கலாம், நரம்பிணைப்பு அதன் வெளிப்பாடு மட்டுமே என்பது அவர் வாதம். ஆனால் இங்கே கடத்தப்பட்டது பொதுவான விழிப்புநிலை. எந்தத் தொடுகைக்கும் அதிகமாகப் பதிலளிக்கும் தன்மை. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கற்ற குறிப்பான நினைவு அப்படிக் கடந்ததாகக் காட்டப்படவில்லை.

இந்தக் குறிப்பான தன்மையைச் சோதித்தது 1997இல் கெல்சி மார்ட்டினும் காண்டெலும் செய்த சோதனை. கண்ணாடித் தட்டில் ஒரே உணர்வணுவின் இழை இரண்டாகப் பிரிந்து இரண்டு இயக்கணுக்களைத் தொடும்படி வளர்த்தார்கள். ஒரு கிளையின் மீது மட்டும் செரட்டோனினை ஐந்து முறை தெளித்தார்கள். அணுக்கரு இரண்டு கிளைகளுக்கும் பொதுவாக இருந்தும், தெளித்த கிளையின் இணைப்பு மட்டுமே நீடித்து வலுப்பெற்றது. அணுக்கரு நினைவுக்குத் தேவை. ஆனால் நினைவு எந்த இணைப்புக்கு உரியது என்பதை அணுக்கரு மட்டும் முடிவு செய்வதில்லை. காண்டெலின் கூற்று இந்த வரம்புக்குள் நிற்கிறது. நத்தையின் நரம்பிணைப்பைத் தாண்டி மனித நினைவு முழுவதற்கும் அதை நீட்டுவதற்கு இன்றுள்ள சான்று போதாது.